கண்வில்லையில் புரை விழும் விதம்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருந்த என் அமுச்சி (அம்மாவின் அம்மா), 60 வயதைக் கடந்த பிறகு ஒரு நாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டு, “வெறுங்கண்ணுக்கே எழுத்துத் தெரியுது கண்ணு, இனி இது எதுக்கு?” என்று நாளிதழைப் படிக்கத் தொடங்கினார். பார்வை திரும்பிவிட்டதாக வீடே மகிழ்ந்தது. அது கண்புரையின் தொடக்கம் என்பது, எதிரே வரும் பேருந்தின் எண்ணைக்கூட அவரால் படிக்க முடியாமல் போனபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கண்ணுக்குள் ஒளியைக் குவிக்கும் வில்லையின் நடுப்பகுதி இறுகும்போது அது ஒளியை முன்பைவிட அதிகமாக வளைக்கிறது. அதனால் வெள்ளெழுத்துக் கண்ணுக்கு அருகில் உள்ள எழுத்து சில காலம் தெளிவாகத் தெரிகிறது, தூரம் மங்குகிறது.

கொங்குப் பகுதியில் கண்புரையைக் ‘கண்ணுல சதை வளந்துருச்சு’ என்று சொல்வோர் இன்றும் உண்டு. சதை வளர்வது வேறு நோய். அது வெள்ளை விழியிலிருந்து கருவிழியின் மேல் படர்வது, வெளியிலிருந்தே தெரியக்கூடியது. கண்புரையில் புதிதாக எதுவும் முளைப்பதில்லை. கண்ணின் நடுவே ஒளி புகும் துளையான பாப்பாவுக்குப் பின்னால் நாம் பிறந்ததிலிருந்து இருக்கும் வில்லையே தன் தெளிவை இழக்கிறது.

அந்த வில்லை உடலின் மற்ற உறுப்புகளைப் போன்றதன்று. ஏறத்தாழ 9 முதல் 10 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமனும் கொண்ட அதற்கு இரத்த நாளம் கிடையாது. தன்னைச் சுற்றியுள்ள கண்நீர்மத்திலிருந்தே உணவைப் பெறுகிறது. மெல்லிய உறை ஒன்று அதை மூடியிருக்கிறது. உறைக்கு உட்புறம், முன்பக்கத்தில் ஒற்றை அடுக்காகச் செல்கள் உள்ளன. அவற்றில் ஓரத்தில் இருப்பவை நீண்டு நார்களாகி, பழைய நார்களின் மேல் அடுக்கடுக்காகப் படிகின்றன. வெங்காயத்தில் சருகு அடுக்கியது போன்ற அமைப்பு இது. ஆயினும் வெங்காயத்தின் வெளிச்சருகு உதிர்வதுபோல இங்கே எதுவும் உதிர்வதில்லை. தாயின் வயிற்றில் சில வாரக் கருவாக இருந்தபோது உண்டான நார்கள், 80 வயது முதியவரின் வில்லை நடுவிலும் அப்படியே இருக்கின்றன.

ஒளியைத் தடுத்துச் சிதறடிக்கும் எதுவும் உள்ளே இருக்கலாகாது என்பதால், வளரும் நார்ச்செல்கள் தம் உட்கருவையும், ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் தாமே அழித்துவிடுகின்றன. தெளிவு கிடைக்கிறது; ஆனால் பழுதான புரதத்தை நீக்கிப் புதியதைச் செய்துகொள்ளும் வசதி அத்துடன் போய்விடுகிறது. கண்புரையின் கதை முழுவதும் இந்த ஓர் இழப்பிலிருந்துதான் தொடங்குகிறது என்று நான் கருதுகிறேன்.

வில்லையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம். உடலில் வேறெங்கும் இவ்வளவு செறிவு இருப்பது அரிது. கிரிஸ்டலின் எனப்படும் இப்புரதங்கள் ஒளி அலையின் நீளத்தைவிட மிகச் சிறியவை. நெருக்கமாகவும் ஓரளவு சீராகவும் நிற்பதால் ஒளி அவற்றினூடே நேராகச் செல்கிறது. மார்கழி விடியலில் அவிநாசி சாலையில் இறங்கும் மூடுபனியைப் பாருங்கள்: நீரும் தெளிவானது, காற்றும் தெளிவானது, ஆனால் நீர் சிறு துளிகளாகத் திரண்டு காற்றில் மிதக்கும்போது முகப்பு விளக்கின் ஒளி நாலாபக்கமும் சிதறுகிறது. வில்லையிலும் புரதங்கள் தனித்தனியே கரைந்திருக்கும்வரை குறையில்லை. அவை ஒன்றோடொன்று ஒட்டி, ஒளி அலையின் அளவை நெருங்கும் திரள்களாகும்போதுதான் மூடுபனி இறங்குகிறது.

ஒட்டுவது ஏன்? நாமக்கல்லிலிருந்து லாரிகளில் போகும் முட்டை ஒன்றை உடைத்துச் சூடான கல்லில் ஊற்றினால், தெளிந்திருந்த வெள்ளைக்கரு நொடிகளில் பால்வெள்ளை ஆகிறது. மடிந்திருந்த புரதச் சங்கிலிகள் சூட்டில் அவிழ்ந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. வில்லையில் இதே வகைச் சிக்கல் நெருப்பில்லாமல், பல பத்தாண்டுகளில் நேர்கிறது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனேற்றமும் சங்கிலிகளைச் சிறிது சிறிதாகச் சேதப்படுத்துகின்றன. அவிழத் தொடங்கும் புரதத்தைத் தாங்கிப் பிடிப்பது ஆல்பா கிரிஸ்டலினின் வேலை. அதுவும் புதிதாக உற்பத்தியாவதில்லை என்பதால், நடுவயதை எட்டும்போது வில்லை நடுவில் கரைந்த நிலையில் மிகக் குறைந்துவிடுகிறது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குளூட்டாதயோனும் வெளி அடுக்குகளிலிருந்து நடுவுக்குச் சென்று சேர்வது வயதாக ஆக மெதுவாகிறது. பாதுகாப்பு நடுவில்தான் முதலில் தளர்கிறது. வெந்த முட்டையைப் பச்சை முட்டையாக்க முடியாததைப் போல, திரண்ட புரதத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதாக நிறுவப்பட்ட சொட்டு மருந்து இதுவரை எதுவும் இல்லை.

நிறமும் மாறுகிறது. புற ஊதாக் கதிரை வடிகட்ட வில்லையில் உள்ள சிறு மூலக்கூறுகள் புரதத்தோடு பிணைந்து மஞ்சளாகி, பின்னர்ப் பழுப்பாகின்றன. அவை நீல ஒளியை விழுங்கிவிடுவதால், திருப்பூர்ச் சாயப்பட்டறையில் நீலத்துக்கும் கருநீலத்துக்கும் வேறுபாடு சொல்லிய கண், அதே வேறுபாட்டை இழக்கிறது.

புரை நடுவில் மட்டும் விழுவதில்லை. வெளி அடுக்கில் நீர் புகுந்து பிளவுகள் உண்டானால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல ஓரத்திலிருந்து நடு நோக்கி வெண்கோடுகள் தோன்றும். பின்புற உறையை ஒட்டி விழுவது சிறிதாயினும் தொல்லை மிகுந்தது. வெயிலில் பாப்பா சுருங்கும்போது அந்தப் புள்ளியின் வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் எடுத்துக்கொள்வோருக்கு இவ்வகை அதிகம். சர்க்கரை நோயில் வில்லைக்குள் மிகும் குளுக்கோஸ், சார்பிட்டால் என்னும் வேறொரு பொருளாக மாறி வெளியேற முடியாமல் தங்குகிறது. மழைக்காலத்தில் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிவதைப் போல, சார்பிட்டால் நீரை உள்ளிழுக்க, நார்கள் வீங்குகின்றன. புகைப்பழக்கம், கண்ணில் அடிபடுதல், உலையின் வெக்கையை ஆண்டுக்கணக்கில் நேருக்கு நேர் பார்ப்பது ஆகியவையும் காரணங்களே. கோவையின் வார்ப்படத் தொழிலாளர்கள் பாதுகாப்புக் கண்ணாடியை அசட்டை செய்யாமல் அணிய வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

சிகிச்சை என்பது மங்கிய வில்லையை எடுத்துச் செயற்கை வில்லை பொருத்துவதே. 1949இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலில் இதைச் செய்தார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் சில்லுகள் அழற்சி உண்டாக்காமல் கிடந்ததை அவர் கவனித்திருந்தார். சார்லஸ் கெல்மன் 1967இல் புரையை மீயொலியால் உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். 1976இல் மதுரையில் மருத்துவர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் நிறுவனம், 1992 முதல் மலிவு விலையில் வில்லைகளைச் செய்ததால், நம்மூர் முகாம்களில் இருந்து வண்டி ஏறும் முதியோருக்கும் அவை எட்டின. ‘புரை முத்தட்டும்’ என்று காத்திருப்பது இப்போது தேவையில்லை, தீங்கும் தரலாம்; முற்றிய வில்லை வீங்கியோ கசிந்தோ கண்ணின் அழுத்தத்தை உயர்த்தி நரம்பைக் கெடுக்கக்கூடும்.

அமுச்சிக்கு முதலில் வலக்கண்ணில் மட்டும் அறுவை நடந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் திண்ணையில் அமர்ந்து, எதிரே கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியை ஒரு கண்ணைக் கையால் மூடிப் பார்த்தார், பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார். “இந்தப் பக்கம் பார்த்தா வெள்ளையா இருக்குதுங்கண்ணு, அந்தப் பக்கம் பார்த்தா மஞ்சத் தண்ணியில முக்கினாப்பல இருக்குது” என்று சொல்லிவிட்டு, நெடுநேரம் கையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.