காய்ச்சல் ஏன் ஏறுகிறது, இறங்கும்போது ஏன் கவனிக்க வேண்டும்

மழை தொடங்கிவிட்டால் மலேசியாவின் கெடா மாநிலத்தில் எங்கள் பாடாங் செராய் பக்கம் கிளினிக்குகளில் உட்கார இடம் கிடைக்காது. மடியில் சுருண்டு கிடக்கிற பிள்ளை, நெற்றியில் நீல நிற ஜெல் ஒட்டு, பக்கத்தில் தைல டப்பாவோடு பாட்டி. பேச்சு எல்லாம் ஒன்றுதான்: "ராத்திரி 39க்கு ஏறிடுச்சி, மருந்து கொடுத்தா இறங்குது, அப்புறம் மறுபடி ஏறுது." அந்த எண் ஏறினால் பயம், இறங்கினால் நிம்மதி. என்னைக் கேட்டால் இரண்டுமே பாதிதான் சரி.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். உடம்பின் இயல்பான சூடு 37 டிகிரி செல்சியஸ் என்ற கணக்கைப் பரப்பியவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வேலை செய்த மருத்துவர் வுண்டர்லிஷ். ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அக்குளில் வெப்பமானியை வைத்து அளந்து 1868இல் புத்தகமாக எழுதினார். ஆனால் அது சராசரிதான். அதிகாலையில் உடம்பு கொஞ்சம் ஆறியிருக்கும், சாயங்காலம் அரை டிகிரி வரை கூடியிருக்கும். ஓடி விளையாடிவிட்டு வந்த பிள்ளையை ஆறரை மணிக்கு அளந்து 37.4 என்றதும் மருந்து பாட்டிலைத் திறக்க வேண்டியதில்லை. 38க்கு மேல் போனால்தான் மருத்துவர்கள் காய்ச்சல் என்பார்கள்.

சரி, ஏன் ஏறுகிறது? கிருமி நேரடியாக உடம்பைச் சூடாக்குவதில்லை. கிருமியைக் கண்ட வெள்ளணுக்கள் சைட்டோகைன் எனப்படும் புரதங்களை ரத்தத்தில் விடுகின்றன, அந்தச் செய்தி மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸுக்குப் போகிறது, அங்கே புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, அது உடம்பின் வெப்ப அளவையே மாற்றி வைத்துவிடுகிறது. அயன் பெட்டியின் திருகை மெல்லிய துணியிலிருந்து பருத்திக்குத் திருப்புவது போல. திருகு 39இல் நிற்கிறது, உடம்போ 37இல் இருக்கிறது. இப்போது அந்தப் பிள்ளையின் மூளைக்கு 37 என்பதே குளிர்.

வயிறு கொதிக்கும்போது கை கால் சில்லென்று இருப்பது இதனால்தான். வெப்பம் வெளியே போகாமல் இருக்கத் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன, தசைகள் நடுங்கிச் சூட்டை உண்டாக்குகின்றன. 39ஐத் தொட்டதும் நடுக்கம் நிற்கும், முகம் சிவக்கும். பிறகு திருகு கீழே வரும்போது குழாய்கள் விரிந்து வேர்த்துக் கொட்டும்.

இது புரிந்தால், வீட்டில் பாட்டிக்கும் மருமகளுக்கும் நடக்கிற சண்டைக்கும் ஒரு வழி பிறக்கும். ஒருவர் கம்பளியால் மூடுவார், ஒருவர் ஐஸ் தண்ணீரில் துடைப்பார். ஐஸ் தண்ணீர் தோலை மட்டும் குளிர வைக்கும். திருகு அப்படியே இருப்பதால் குழாய்கள் இன்னும் சுருங்கி, பிள்ளை இன்னும் நடுங்கி, உள்ளே சூடு கூடத்தான் செய்யும். கம்பளியோ, வெளியேற வேண்டிய வெப்பத்தை அடைத்து வைக்கும். நடுங்கும்போது ஒரு மெல்லிய போர்வை, நடுக்கம் நின்றதும் அதை எடுத்துவிட்டு ஒரு சாதாரணப் பனியன், அவ்வளவு போதும். தைலம் தேய்த்தால் குளுகுளுவென்று இருக்குமே என்றால், அதில் இருக்கும் மெந்தால் தோலில் குளிரை உணரும் நரம்புகளைத் தூண்டிவிடுகிறது, உடம்பின் சூடு அங்கேயேதான் நிற்கும். கைக்குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம். கற்பூரம் கலந்த தைலம் வாய்க்குள் போனால் வலிப்பே வரலாம்.

உடம்பு ஏன் இவ்வளவு சிரமப்பட்டுச் சூடேற வேண்டும்? 1975இல் அமெரிக்காவில் மாத்யூ குளூகர் என்ற ஆய்வாளர் பாலைவன ஓணான்களுக்குக் கிருமியை ஏற்றி, வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்தார். ஓணானால் தன் உடம்பைத் தானே சூடாக்க முடியாது, இருக்கும் இடத்தின் சூடுதான் அதற்கு. சூடான இடத்தில் இருந்தவை அதிகம் பிழைத்தன, குளிர்ந்த இடத்தில் இருந்தவை அதிகம் செத்தன. பல கிருமிகளுக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது, நம் வெள்ளணுக்களோ சூட்டில் சுறுசுறுப்பாகும். "சூடு ஏறினால் மூளை உருகிவிடும்" என்ற பேச்சும் சரியல்ல. தொற்றால் வரும் காய்ச்சல் 41ஐத் தாண்டுவது அபூர்வம், ஏனென்றால் திருகு மூளையின் கையில்தான் இருக்கிறது. பூட்டிய காருக்குள் மாட்டிக்கொண்ட குழந்தையின் கதை வேறு. அங்கே கட்டுப்பாடே கைவிட்டுப் போகிறது, அது உயிர் போகிற விஷயம்.

அப்படியானால் மருந்து எதற்கு? பிள்ளைக்கு வலி குறைய, கொஞ்சம் குடிக்க, தூங்க. புரோஸ்டகிளாண்டின் சுரப்பதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971இல் ஜான் வேன் காட்டினார், 1982இல் நோபல் பரிசும் வாங்கினார். பாராசிட்டமாலும் மூளைக்குள் அதைக் குறைத்துத்தான் திருகை இறக்குகிறது. மருந்தின் வேலை முடிந்ததும், கிருமி உள்ளே இருக்கும்வரை, காய்ச்சல் திரும்ப ஏறும். மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் அளவில் கவனம் வேண்டும். நம் கடைகளில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வகை பாராசிட்டமால் சிரப் விற்கிறார்கள். ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்று வைத்தால், 12 கிலோ பிள்ளைக்கு 180. முதல் சிரப்பில் அது ஏழரை மில்லி, இரண்டாவதில் மூன்றரை மில்லிக்குச் சற்று மேல். அக்கா வீட்டு பாட்டிலை வாங்கி வந்து பழைய கணக்கில் ஊற்றினால் இருமடங்கு போய்விடும், கல்லீரலுக்கு ஆபத்து. நான்கு மணி நேரத்துக்குள் மறுவேளை கூடாது, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேலும் கூடாது. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

காய்ச்சலில் வரும் வலிப்பு பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் நூற்றில் இரண்டு முதல் ஐந்து பிள்ளைகளுக்கு வருகிறது. பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானே நின்றுவிடும், மூளையைப் பாதிக்காது. கையில் இரும்புச் சாவி, வாயில் கரண்டி எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து மணியைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். முதல் வலிப்பு என்றால் நின்ற பிறகும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

மூன்று மாதம் முடியாத குழந்தைக்கு 38 என்றால் நேராக மருத்துவமனைதான், காத்திருக்கக் கூடாது.

இனி டிங்கி, அதாவது கொசுவால் பரவும் டெங்குக் காய்ச்சல். நம் பக்கம் பால்மரம் எனும் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, ஆனால் ரப்பர் பால் பிடிக்கிற பழைய மங்குகள் இன்னும் வீட்டுப் பின்புறம் கிடக்கின்றன. ஒரு மங்கில் ஒரு விரற்கடை மழைத்தண்ணீர் நின்றால் போதும், குனிந்து பார்த்தால் புழுக்கள் வளைந்து நெளிந்து மேலே வந்து மூச்சு விட்டுவிட்டு அடியில் இறங்குவது தெரியும். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது தாராளம்.

மற்ற காய்ச்சலில் சூடு இறங்கினால் பிள்ளை தேறுகிறது. டிங்கியில் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்குகிற அதே நேரத்தில்தான் ஆபத்தான கட்டம் வரும். ரத்தக் குழாய்களின் உள்சுவர் இளகி, ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் கசிகிறது. இது ஒரு நாள், இரண்டு நாள் நீடிக்கும். குழாயில் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகிறது, அதனால்தான் மருத்துவர் ரத்தம் உறைய உதவும் தட்டணுவோடு சேர்த்து ரத்தத்தின் அடர்த்தியையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். பெற்றோரை ஏமாற்றுவது என்னவென்றால், பிள்ளைகளின் உடம்பு ரத்த அழுத்தத்தைக் கடைசிவரை இழுத்துப் பிடிக்கும். பிள்ளை தெளிவாகப் பேசும், சூடு இல்லை, ஆனால் கையும் காலும் சில்லென்று இருக்கும். பிறகு அழுத்தம் ஒரேயடியாக விழும்.

ஆகவே சூடு இறங்கிய அன்று வெப்பமானியை வைத்துவிட்டு வேறு சிலவற்றைப் பாருங்கள்: வயிறு வலிக்கிறது என்கிறதா, விடாமல் வாந்தியா, ஈறிலோ மூக்கிலோ ரத்தமா, எழுப்பினால் எழவில்லையா, காரணமில்லாமல் புரண்டு அடம்பிடிக்கிறதா, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையா. ஒன்று இருந்தாலும் கூலிம் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டியதுதான், ராத்திரி என்றாலும். வீட்டில் இருக்கும்வரை கஞ்சித் தண்ணீரோ ஓஆர்எஸ் எனும் உப்பு சர்க்கரைக் கரைசலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். டிங்கி சந்தேகம் இருந்தால் இபுப்ரோஃபென் என்ற காய்ச்சல் மருந்து வேண்டாம், அது வயிற்றில் ரத்தக்கசிவைக் கூட்டும். பப்பாளி இலைச் சாறு கொடுக்காத வீடே இங்கே இல்லை. குழாய்க் கசிவை அது அடைத்ததாக ஆதாரம் இல்லை, அந்தக் கசப்பில் பிள்ளை இருந்ததையும் வாந்தி எடுத்துவிடும் என்பதுதான் என் கவலை.

டிங்கி வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அதே வகை மறுபடி தாக்காது, ஆனால் வேறு வகை வந்தால் பழைய எதிர்ப்புப் புரதங்கள் அதைச் சரியாக அழிக்காமல், சில சமயம் அணுக்களுக்குள் நுழைய அதற்கே உதவிவிடுகின்றன. இரண்டாவது டிங்கி கடுமையாக வருவதற்கு இது முக்கியமான காரணம். பிள்ளைக்கு முன்பு வந்திருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் முதல் பேச்சிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.