டி-டைமர்: இது நேரம் காட்டும் டைமர் இல்லை

கொரோனா காலத்தில் சி.ஆர்.பி., ஃபெரிட்டின் போன்ற இரத்தப் பரிசோதனைகளோடு லேப் ரிப்போர்ட் வழியாக வீட்டுக்குள் நுழைந்த சொல் 'டி-டைமர்'. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், "இன்னும் எத்தனை நாள்னு சொல்ற டெஸ்டா தம்பி?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. கடிகார டைமரையும் (timer) இந்த டைமரையும் (dimer) தமிழில் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். இரண்டு ஒலிக்கும் நம்மிடம் இருப்பது ஒரே 'ட'.

இந்த டைமர் கிரேக்க வேர்களிலிருந்து வந்தது. 'டி' என்றால் இரண்டு, 'மெரோஸ்' என்றால் பகுதி. ஒரே மாதிரியான இரண்டு பகுதிகள் இணைந்தது டைமர். பாலிமரைப் 'பலபடி' என்று பாடநூல்கள் சொல்வதால், டைமர் 'இருபடி' ஆகிறது. (கணக்கில் வரும் இருபடிச் சமன்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

சரி, முன்னால் நிற்கும் 'டி'? அதற்குப் பெரிய பொருள் எதுவும் கிடையாது. இரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற புரதம் வலைபோலப் பின்னிக்கொள்கிறது. வேலை முடிந்ததும் பிளாஸ்மின் என்ற நொதி அந்த வலையை வெட்டிக் கரைக்கிறது. இந்தப் புரதம் சிதைந்து கிடைத்த துண்டுகளை 1960களில் ஆய்வாளர்கள் பிரித்தபோது ஏ, பி, சி என்று எழுத்து வரிசையில் பெயரிட்டார்கள்; 'டி' அதில் நாலாவது. வலையில் அடுத்தடுத்து இருந்த இரண்டு டி துண்டுகள், வெட்டுப்பட்ட பிறகும் ஒட்டியபடியே இரத்தத்தில் மிதப்பதுதான் டி-டைமர். அதாவது, உடம்பில் எங்கோ இரத்தம் உறைந்து கரைந்திருக்கிறது என்பதற்கான தடயம்.

கால் நாளங்களிலோ நுரையீரலிலோ உறைவு இல்லை என்று உறுதிப்படுத்தத்தான் முன்பு இதை அதிகம் பயன்படுத்தினார்கள். கொரோனாவில் நுரையீரல் இரத்தக் குழாய்களின் உட்சுவர் புண்பட்டு நுண்ணுறைவுகள் உண்டானதால் இதற்கு மவுசு கூடியது. வுஹானின் 191 நோயாளிகளைப் பற்றி 2020 மார்ச்சில் வெளியான ஆய்வில், மருத்துவமனையில் சேரும்போதே டி-டைமர் அளவு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டியவர்களிடம் இறப்பு அபாயம் மிக அதிகமாக இருந்தது. ஆனால் கர்ப்பம், அறுவை சிகிச்சை, முதுமை எல்லாமே இந்த அளவை ஏற்றும். இந்த எண்ணை மட்டும் பார்த்து வைரஸ் இருக்கிறதென்றும் சொல்ல முடியாது, ஆள் பிழைக்கமாட்டார் என்றும் சொல்ல முடியாது. அப்புறம், அலகு வேறு குழப்பும்: எஃப்.இ.யு. (ஃபைப்ரினோஜன் அளவுக்கு ஈடாகக் கணக்கிடும் அலகு) முறையில் 500 நானோகிராம் என்று வருவது டி.டி.யு. (டி-டைமரை மட்டும் கணக்கிடும் அலகு) முறையில் ஏறக்குறைய 250தான். இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளை ஒப்பிடுமுன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

தமிழில் எப்படிச் சொல்வது? அறிவியல் கட்டுரைக்கு 'டி-இருபடி' போதும். வரிசை எழுத்தான 'டி'யை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. நோயாளியிடம் விளக்கும்போது 'உறைவுச் சிதைவுத் துணுக்கு' என்பேன். 'இரத்தக் கட்டி' என்ற வழக்கை மட்டும் தவிர்க்கலாம். கட்டி என்றதும் புற்றுநோயா என்று பதறுகிறார்கள்.