ராஜா வருகிறார், தண்ணீரைத் திற!

பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் அந்நாட்டு ராஜா பதினான்காம் லூயி உலாவப் போனால், அவர் பார்வை விழும் இடத்திலெல்லாம் நீரூற்று பீறிட்டுக்கொண்டிருக்கும். அவர் கடந்து போன கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிடும். செடி மறைவில் ஒரு பணியாள் நின்றிருப்பான். ராஜா நெருங்கியதும் விசில் அடிப்பான். அதைக் கேட்டு அடுத்த ஊற்றுக்காரர் வால்வைத் திறப்பார், முந்தைய ஊற்றுக்காரர் மூடுவார்.

இத்தனை ஏற்பாடும் எதற்கு? எல்லா ஊற்றுகளையும் சேர்த்து ஓட்டத் தண்ணீர் போதவில்லை, அவ்வளவுதான்.

1682இல் லூயி அரசவையையே வெர்சாய்க்கு மாற்றினார். பிரபுக்கள் தங்கள் கோட்டைகளில் உட்கார்ந்து கலகம் செய்வதைவிட, தன் கண் முன்னாலேயே காத்துக் கிடப்பது நல்லது என்பது அவர் கணக்கு. அவர் தூங்கி எழுவதே தினமும் ஒரு சடங்கு. தோட்டமும் அந்த ஆட்சியின் ஒரு பகுதிதான். விருந்தினர்கள் எந்த வழியாக நடக்க வேண்டும், எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும் என்று லூயி தன் கைப்படவே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். அப்படிப்பட்ட இடத்தில் ஊற்று வறண்டு நின்றால் அது ராஜாவுக்கே அவமானம்.

ஊற்று வேலை செய்யும் விதம் எளிமையானது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கீழ்வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் எப்படி வேகமாக வருகிறதோ, அதேதான். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் எழும்பப் பார்க்கும். குழாயின் உராய்வும் காற்றும் கொஞ்சம் குறைத்துவிடும். வெர்சாயின் என்சலாடு ஊற்றில் தண்ணீர் சுமார் 25 மீட்டர் எழும்புகிறது. அப்படியானால் அதற்குத் தண்ணீர் தரும் தொட்டி அதைவிட மேலே இருந்தாக வேண்டும். அங்கேதான் சிக்கல். அரண்மனை இருப்பது மேட்டில்; பெரிய ஆறான சென் ஓடுவதோ பல கிலோமீட்டர் தள்ளி, 100 மீட்டருக்கும் மேலான பள்ளத்தில்.

லுவார் ஆற்றைத் திருப்பிக் கொண்டுவரலாம் என்று ஒரு யோசனை வந்தது. வானியலாளர் ழான் பிகார், தொலைநோக்கி பொருத்திய மட்டக்கருவியால் வழி நெடுக அளந்து பார்த்து, ஆறு போதுமான உயரத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார். ஒரு ராஜாவின் ஆசையை அளவு கோல் தடுத்து நிறுத்திய அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அப்புறம்தான் மார்லி இயந்திரம் வந்தது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லியேஜ் பகுதியைச் சேர்ந்த ரென்கின் சுவாலெம் என்ற தச்சர் கட்டியது. 1684இல் ஓடத் தொடங்கியது. சென் ஆற்றில் 14 நீர்ச்சக்கரங்கள், ஒவ்வொன்றும் சுமார் 12 மீட்டர் விட்டம். அவை மொத்தம் 221 பம்புகளை இயக்கி, ஆற்றுத் தண்ணீரைச் சுமார் 160 மீட்டர் மேலே ஏற்றின.

ஒரே மூச்சில் ஏற்றியிருக்கக் கூடாதா? 160 மீட்டர் தண்ணீர் நிற்கும் குழாயின் அடியில் சுமார் 16 வளிமண்டல அழுத்தம் இருக்கும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. தோல் வாஷர்களும் அந்தக் காலத்துக் குழாய் இணைப்புகளும் அதைத் தாங்காது. அதனால் மலைச்சரிவில் இரண்டு இடங்களில் தொட்டி கட்டி, மூன்று படிகளாக ஏற்றினார்கள். ஒவ்வொரு படிக்கும் ஐம்பது, அறுபது மீட்டர்தான்.

சரி, மலை மேலே இருக்கும் பம்புகளை ஆட்ட எது இருந்தது? அங்கே ஆறு கிடையாது, நீராவி இன்ஜினும் இன்னும் வரவில்லை. கீழே சுழலும் சக்கரத்தின் அசைவையே நீளமான இணைப்புத் தண்டுகள் முன்னும் பின்னும் இழுத்துச் சரிவு நெடுக மேலே கொண்டுபோயின. ஒவ்வொரு மூட்டிலும் உராய்வு, ஒவ்வொரு மூட்டிலும் கிறீச்சென்ற சத்தம். சக்தியில் பெரும்பகுதி அங்கேயே வீணானது. நாளொன்றுக்குச் சுமார் 32 லட்சம் லிட்டர் மேலே போய்ச் சேர்ந்தது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: உருப்படியாகக் கிடைத்த சக்தி சுமார் 80 குதிரைத்திறன். இன்று ஒரு சின்னக் காரின் இன்ஜின் தருவது அவ்வளவு. ஆனால் அந்தக் காலத்தில் இது மாபெரும் சாதனை. சுவாலெமை நான் சாதாரண ஆளாக நினைக்கவே மாட்டேன்.

அதுவும் போதவில்லை. 1685இல் யூர் ஆற்றைத் திருப்பப் படைவீரர்களை ஆயிரக்கணக்கில் இறக்கினார்கள். மண் தோண்டிய இடத்தில் காய்ச்சல் பரவி ஏராளமானோர் செத்தார்கள். ஊற்று ஓடுவதற்காகப் போன உயிர்கள் அவை. தோட்டத்தின் அழகைப் பேசும்போது அவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும். 1688இல் போர் வந்ததும் வேலை நின்றது. அந்தத் தண்ணீரைக் கொண்டுவர மென்டனோன் ஊரில் கட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட பாலத்தின் வளைவுகள் இன்றும் நிற்கின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெர்சாய்க்கு அவற்றின் வழியே போகவில்லை.

மார்லி இயந்திரம் 1817 வரை ஓடியது. ஆனால் வெர்சாய் தோட்டத்தின் அடியில், லூயி காலத்து வார்ப்பிரும்புக் குழாய்களில் பல இன்றும் வேலை செய்கின்றன. ஊற்றுகள் ஓடும் நாட்களில் பணியாளர்கள் பெரிய இரும்புச் சாவியை மாட்டி, வால்வுகளைக் கையாலேயே திருகித் திறக்கிறார்கள்.