காசிமேட்டு ஜிபிஎஸ் காரில் ஏறினால்

சித்தப்பாவுக்குக் காசிமேட்டில் விசைப்படகு. அவரிடம் கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்று உண்டு. உள்ளங்கை அளவு, ரெண்டு பேட்டரி, ஓரமெல்லாம் உப்புக் கறை. மீன் பட்ட இடங்களை அதில் குறித்து வைத்திருப்பார். அந்தப் பட்டியலை என்னிடம்கூடக் காட்ட மாட்டார். ஒருநாள் கொடுங்கையூர் போக வேண்டியிருந்தது. சும்மா ஒரு ஆசைக்கு, போன் மேப்பில் பார்த்த அட்சரேகை தீர்க்கரேகையை அதில் ஏற்றி, காரின் முன்கண்ணாடி ஓரம் வைத்தேன்.

உடனே வேலை செய்யவில்லை. செயற்கைக்கோள்கள் தங்கள் இருப்பிட விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில்தான் அனுப்புகின்றன. ஒரு கோளின் விவரத்தை முழுதாக வாங்க அரை நிமிடம் வேண்டும். போன் அதையே டவர் வழியாகச் சட்டென்று வாங்கிக்கொள்கிறது. இதற்கு அந்த வசதி இல்லை.

அப்புறம் அம்புக்குறி வந்தது. தூரம் 2.7 என்றது. கடல் மைல்! நம் கணக்கில் 5 கிலோமீட்டர். அம்பு நேராகக் கொருக்குப்பேட்டைத் தண்டவாளத்தையும் பக்கிங்காம் கால்வாயையும் தாண்டிக் காட்டியது. "அது சொல்றபடி போனா கால்வாய்லதான்டா இறங்கணும்" என்றார் சித்தப்பா.

கருவி மேல் தப்பில்லை. அதற்குத் தெரிந்தது தான் இருக்கும் இடம் மட்டும்தான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள் ஒவ்வொன்றும் "நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது" என்று ஓயாமல் சொல்கிறது. அந்தச் சேதி கீழே வர நொடியில் நூறில் ஏழு பங்கு ஆகும். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரிந்தால் தூரம் தெரியும். மூன்று கோள்களின் தூரம் இருந்தால் இடம் கிடைத்துவிட வேண்டும். ஆனால் நாலாவது ஒன்றும் தேவை. ஏனென்றால் கோளில் இருப்பது அணுக் கடிகாரம், சித்தப்பா கையில் இருப்பது சாதாக் கடிகாரம். நேரம் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், இடம் 300 மீட்டர் தள்ளிப் போகும். அந்தப் பிசகு எவ்வளவு என்று கண்டுபிடிக்கத்தான் நாலாவது கோள்.

ஐன்ஸ்டீனும் இதில் உண்டு. ஈர்ப்பு குறைந்த உயரத்தில் கடிகாரம் வேகமாக ஓடும். கோள் பாய்கிற வேகத்தால் கொஞ்சம் மெதுவாகும். கழித்துப் பார்த்தால் நாளுக்கு 38 மைக்ரோநொடி, அதாவது நொடியில் பத்து லட்சத்தில் 38 பங்கு, முந்தும். கோளை விண்ணில் விடுவதற்கு முன்பே கடிகாரத்தை அதற்கேற்ப மெதுவாக்கி வைத்துவிடுகிறார்கள்.

லாரி நெரிசலில் கார் நின்றதும் அம்பு கிறுகிறுவென்று சுற்ற ஆரம்பித்தது. அது பழைய கருவி, உள்ளே திசைகாட்டி கிடையாது. இடம் மாறுவதை வைத்துத்தான் எந்தப் பக்கம் போகிறோம் என்று அறியும். நின்றால் திசையே இல்லை. பக்கத்தில் கன்டெய்னர்கள் வேறு. தகரச் சுவரில் பட்டுத் தெறித்து வரும் சிக்னல் சுற்றி வருவதால், கோள் இன்னும் தூரத்தில் இருப்பதாகக் கருவி நம்பிவிடும். கார்க் கூரையும் தகரம்தானே, அதனால்தான் கண்ணாடி ஓரம் வைத்தோம்.

போனிலும் இதே தடுமாற்றம் உண்டு. ஆனால் அதன் மேப் ஆப் "கார் வீட்டுக்குள்ளே ஓடாது" என்று கணக்குப் போட்டு, புள்ளியைப் பக்கத்து ரோட்டில் ஒட்டிவைத்துவிடும். அந்தச் சாமர்த்தியத்தைத்தான் நாம் ஜிபிஎஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசியில் போனைப் பார்த்துத்தான் போய்ச் சேர்ந்தோம். இறங்கியதும் சித்தப்பா முதல் வேலையாகக் கொடுங்கையூரைத் தன் மீன் பட்டியலிலிருந்து அழித்தார்.