60 பேர் வகுப்பில் ஆளுக்கு 9 நிமிடம் ஆங்கிலம்

60 பேர் வகுப்பு, 50 நிமிட பீரியட். ஒவ்வொருவராக முன்னால் அழைத்துப் பேசவைத்தால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது. மற்றவர்கள், தங்கள் முறை வருவதற்குள் மணி அடித்துவிடாதா என்று வேண்டிக்கொண்டிருப்பார்கள்.

கடலூர், பண்ருட்டி பக்கம் தமிழ் மீடியத்தில் படித்து வருகிறவர்களிடம் பாசிவ் வாய்ஸ் (செயப்பாட்டுவினை) கேட்டால் எழுதிக் காட்டிவிடுவார்கள். வாய் திறந்து பேசிய நேரம்தான் குறைவு. இதற்கு 4-3-2 முறை கைகொடுக்கும். ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம், அடுத்தவரிடம் 3, மூன்றாமவரிடம் 2 நிமிடம் சொல்ல வேண்டும். ஒரு வரிசை பேசும், எதிர்வரிசை கேட்கும். சுற்று முடிந்ததும் கேட்கிறவர்கள் ஓரிடம் தள்ளி உட்காருவார்கள். மூன்று சுற்றும் முடிந்த பிறகு கேட்டவர்கள் பேச, பேசியவர்கள் கேட்பார்கள். மொத்தம் 18 நிமிடத்தில் வகுப்பே ஆளுக்கு 9 நிமிடம் பேசியிருக்கும். ஆள் மாறாவிட்டால் இரு பக்கமும் அலுத்துவிடும்.

குளோபல் வார்மிங் என்று தலைப்புக் கொடுத்தால் மனப்பாடப் பத்திதான் வந்து விழும். முந்திரிக்கொட்டையை வறுத்து உடைத்துத் தோல் நீக்குவது எப்படி, கடலூர் முதுநகரில் நல்ல மீனாகப் பார்த்து வாங்குவது எப்படி என்று கேளுங்கள். துண்டுச்சீட்டில் 5 சொற்களுக்கு மேல் எழுதவிடாதீர்கள், எழுதினால் வாசித்துவிடுவார்கள்.

இன்னொரு பயிற்சிக்குப் புதுச்சேரி வரைபடம் ஜோடிக்கு இரண்டு நகல் போதும். ஒன்றில் பாரதி பூங்காவையும் மற்றதில் மணக்குள விநாயகர் கோயிலையும் அழித்துவிடுங்கள். ஜோடி முதுகோடு முதுகாக உட்கார்ந்து, விட்டுப்போன இடத்தைக் கேட்டுக் குறிக்க வேண்டும். எதிரெதிரே உட்காரவிட்டால் விரலை நீட்டியே காரியத்தை முடித்துவிடுவார்கள். மிஷன் வீதியில் திரும்பும்போது 'டேக் லெஃப்ட்' என்றால் யாருடைய லெஃப்ட் என்று சண்டை வரும். வரட்டும், ஆங்கிலத்திலேயே போட்டுக்கொள்ளட்டும்.

நடுவில் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். 'டிட் யூ வென்ட்' காதில் விழுந்தால் குறித்துக்கொண்டு, கடைசி 5 நிமிடத்தில் பெயர் சொல்லாமல் போர்டில் எழுதுங்கள். 'டிட்' வந்த பிறகு 'கோ' போதுமென்று வகுப்பே சொல்லிவிடும். ஒரு நாளைக்கு மூன்று தவறு போதும். 'இஸ்கூல்' யாருக்கும் புரியும், முதல் மாதம் விட்டுவிடலாம். ஃபைல் 'பைல்' ஆனால் அர்த்தமே மாறும், அதை விடக்கூடாது.

இத்தனைக்கும் நடுவே இரைச்சல் இருக்கத்தான் செய்யும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் துறைத் தலைவரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.