பல்லுயிர்ப் பதிவேட்டில் காட்டு மூலிகையை எழுதுவது எப்படி?

2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி, உள்ளாட்சி அமைப்புகள் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். ஊர் மக்களைக் கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு (ஊரின் உயிர் வளத்தையும் அதைப் பற்றிய மக்களின் அறிவையும் குறித்துவைக்கும் ஏடு) தயாரிப்பது அந்தக் குழுவின் முக்கிய வேலை. பல பதிவேடுகளில் மூலிகைப் பக்கம் வெறும் பெயர்ப் பட்டியலாகவே நின்றுவிடுகிறது. 'நன்னாரி – உண்டு – வேர்' என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். இது போதாது. ஓர் இனத்துக்குள்ளேயே இருக்கும் வேறுபாட்டையும் சேர்த்துத்தான் 'பல்லுயிர்' என்று சட்டம் வரையறுக்கிறது.

நன்னாரியையே பாருங்கள். ஒரு கொடியில் இலை புல் போல ஒடுங்கியிருக்கும். இன்னொன்றில் அகன்று, நடு நரம்பை ஒட்டி வெண்கோடு ஓடும். வேரின் மணத்திலும் வேறுபாடு உண்டு. எனவே இனத்துக்கு ஒரு வரி என்று நிறுத்தாமல், செடி கூட்டமாக வளரும் இடத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: எந்தச் சரிவு, என்ன மண், ஏறத்தாழ எத்தனை செடி, காய்க்கிறதா, முன்பு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு. ஊர்ப்பெயரை மட்டும் நம்ப வேண்டாம். மாகாளிக்கிழங்கின் வேரும் நன்னாரி என்ற பெயரில் சந்தைக்கு வருகிறது. தாவரவியல் பெயரைத் தெரிந்தவரிடம் உறுதிசெய்த பிறகே எழுதுங்கள்.

எந்த உறுப்பை எடுக்கிறார்கள் என்ற குறிப்பு மிக முக்கியம். இலை பறித்தால் செடி மீளும். மாகாளியின் கிழங்கை முழுதாகத் தோண்டினால் அந்தக் கொடியே போய்விடும். காய்க்கும் முன்பே தோண்டினால் அதன் மரபு வகை விதையாகவும் மிஞ்சாது. செங்காந்தளைக் கிழங்கிலிருந்து நட்டால் தாய்ச்செடியின் நகல்தான் கிடைக்கும். நாற்றங்கால் நிறையச் செடி இருப்பதால் மரபு வளம் தப்பிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

குழுவே விதை சேகரிப்பதானால், ஒரு கூட்டத்தில் குறைந்தது 50 தாய்ச்செடிகளிலிருந்து எடுங்கள். அப்போதுதான் 100-க்கு 5 என்ற அளவில் மட்டும் உள்ள மரபணு வடிவமும் பெரும்பாலும் கைக்கு வரும். அன்று முற்றியிருக்கும் விதையில் 20 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். அடுத்தடுத்து நிற்பவை ஒரே வேரிலிருந்து கிளைத்தவையாக இருக்கலாம். இடைவெளி விட்டு எடுங்கள். இரண்டு மலையின் விதையை ஒரே பையில் கலந்துவிட்டால் எது எங்கிருந்து வந்தது என்பதை மீட்கவே முடியாது.

இந்தப் பதிவுக்குச் சட்டத்தில் பயன் உண்டு. வணிகத்துக்காக எடுப்பவரிடம் குழு சேகரிப்புக் கட்டணம் வாங்கலாம். உங்கள் எல்லைக்குள் உள்ள வளம் பற்றி முடிவெடுக்கும்போது மாநிலப் பல்லுயிர் வாரியமும் தேசியப் பல்லுயிர் ஆணையமும் குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டும். வணிகத்துக்கு எடுப்பதை மாநில வாரியத்திடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற விதியிலிருந்து உள்ளூர் மக்களுக்கும் நாட்டு வைத்தியர்களுக்கும் சட்டம் விலக்கு அளிக்கிறது. 2023 திருத்தத்துக்குப் பிறகு பயிரிட்ட மூலிகைக்கும், அது எங்கே விளைந்தது என்று குழு தரும் மூலச் சான்றின் பேரில் விலக்கு உண்டு. காட்டில் தோண்டியதைத் தோட்டத்துச் சரக்கு என்று கொண்டுவந்தால், பதிவேட்டில் இடவாரியான விவரம் இல்லாத குழுவால் மறுத்துப் பேச முடியாது. விதிமீறலுக்கு இப்போது சிறை கிடையாது. அபராதம் 1 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை.

வன உரிமைச் சட்டம், 2006 தரும் சிறு வன மகசூல் உரிமை இதனால் குறையாது. மூலிகை, வேர், கிழங்கு எல்லாம் அதில் அடங்கும்.

அரிய செடி நிற்கும் பாறையின் சரியான இடத்தையும், வைத்தியர் சொல்ல விரும்பாத பக்குவத்தையும் பொதுப் பிரதியில் எழுதாதீர்கள். அவற்றைத் தனி ஏட்டில் எழுதி, குழுவின் பொறுப்பில் வையுங்கள்.