அட்டை இருக்கிறது, மாத்திரை தீர்ந்துவிட்டது

பக்கவாதம் தாக்கி, கை கால் விழுந்த நிலையில் அழைத்து வரப்படுபவரின் குடும்பத்தாரிடம், இரத்த அழுத்த மாத்திரையை எப்போது நிறுத்தினார் என்பதையே நான் முதலில் கேட்பேன். வேலூர் மாவட்டத்தின் குடியாத்தம் பகுதியில் தறி நெய்பவர்களும் பீடி சுற்றுபவர்களும் எனக்குச் சொன்ன பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "மாத்திரை தீர்ந்துபோச்சுங்க, ஒரு நாள் கூலியை விட்டுட்டு எப்படி வர்றது?" அவர்களில் பலரிடம் காப்பீட்டு அட்டை பத்திரமாகவே இருந்தது.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இதய அறுவை சிகிச்சைக்காக நிலத்தை அடகு வைக்கும் நிலையிலிருந்து பல குடும்பங்களை அது காத்திருப்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அதன் பயன் பெரிதும் மருத்துவமனையில் சேர்ந்த பிறகே தொடங்குகிறது. மாதாந்திர மாத்திரை, பேருந்துக் கட்டணம், இழந்த கூலி ஆகியவை அதற்கு வெளியே நிற்கின்றன. அனைவருக்கும் மருத்துவம் என்பதை இந்த அட்டையைக் கொண்டு மட்டும் அளப்பது பிழை என்பது என் கருத்து.

இந்த இடைவெளியை உணர்ந்தே, சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டிலேயே மாத்திரை வழங்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது. வேலூர் மாவட்டத்துக்கு இச்சிந்தனை புதிதன்று, கே.வி.குப்பத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் ஊரக நலப் பிரிவான ரூசா 1977 முதலே கிராமங்களுக்குச் சென்று பணியாற்றி வருகிறது.

ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லாதவரை எந்தத் திட்டமும் தேடி வராது. நான் சென்றுவந்த ஒரு கிராமத்தில், மகளிர் சுயஉதவிக் குழுவினர் தெருத் தெருவாகச் சென்று, யார் மாத்திரை உண்கிறார்கள், யாருக்கு எத்தனை வாரமாகக் கிடைக்கவில்லை என்று பள்ளி நோட்டு ஒன்றில் எழுதி, அதைக் கிராம சபையில் வாசித்தார்கள். மருத்துவ வசதி வேண்டும் என்று பொதுவாக நிறைவேற்றப்படும் தீர்மானம் ஏட்டோடு நின்றுவிடும். இத்தனை பேருக்கு இந்த மாத்திரை இல்லை என்னும் தீர்மானத்துக்கு அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த நோட்டு வேறொன்றையும் காட்டியது. விடுபட்டிருந்தவர்களில் பலர், பெங்களூரில் கட்டட வேலை செய்துவிட்டு ஞாயிறு மட்டும் வீடு திரும்பும் ஆண்கள்; மாத்திரை கொண்டுவரும் திட்டத் தன்னார்வலர் வந்த நாட்களில் அவர்கள் வீடு பூட்டியே இருந்திருக்கிறது. இப்போது அவர்களுடைய மாத்திரைகளைத் தன்னார்வலர் தம் வீட்டிலேயே வைத்திருந்து, ஞாயிறு காலையில் கொடுத்துவிடுகிறார்.